மருந்தை வைத்துக்கொண்டோம், பத்தியத்தை விட்டுவிட்டோம்

(உடல் பருமன், கொலஸ்ட்ரால், மூலிகை மருத்துவம் குறித்துக் கணியம்பாடியில் பொதுமக்கள் முன் ஒரு சித்த மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு இலை கொடுத்திருக்கிறேன். சிறுகுறிஞ்சான். நம் பக்கத்து வேலியோரப் புதர்களில் சுற்றிப் படர்கிற கொடிதான். நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிடுங்கள். இப்போது இந்தத் தட்டில் இருக்கும் சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுங்கள்.

"மணலை மென்ன மாதிரி இருக்குதுங்க" என்கிறார் இந்த அம்மா. சரியாகச் சொன்னீர்கள். சர்க்கரை மாறவில்லை, உங்கள் நாக்குதான் மாறியிருக்கிறது. அந்த இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலம், நாக்கில் இனிப்பை அறியும் இடங்களைப் போய் அடைத்துக்கொள்கிறது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் விலகிவிடும், பயப்பட வேண்டாம்.

மூலிகை வெறும் புல் பூண்டு, அதற்கு ஒரு சக்தியும் கிடையாது என்று நினைப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்காகவே இந்த இலையைக் கொண்டுவந்தேன். கூடவே இன்னொருவரும் இங்கே இருப்பார். மூலிகைதானே, சாப்பிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர். அவருக்கும் இதே இலைதான் பதில். ஒரு நிமிடத்தில் நாக்கையே மாற்றுகிற பொருள், உள்ளே போனால் சும்மா இருக்காது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் யாரிடமும் சொல்லாமல் சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். அப்படி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரைப் பற்றி ஒரு செய்தி. கணியம்பாடி ஒன்றியத்தைப் போல மக்களின் உடல்நிலை தொடர்ந்து கவனித்து எழுதிவைக்கப்பட்ட கிராமங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் சமுதாய நலப் பிரிவிலிருந்து வீடு வீடாக வந்து கணக்கெடுத்தவர்களை உங்கள் பாட்டிமார்களுக்குக்கூடத் தெரியும். 1991 முதல் 1994 வரை ஒரு முறையும், 2010 முதல் 2012 வரை இன்னொரு முறையும் வேலூர் நகரத்திலும் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் இதய நோய்க்கான காரணங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பருமனும் சர்க்கரை நோயும் கிராமத்திலும் ஏறிவிட்டன. பட்டணத்து வியாதி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது வாசற்படி ஏறி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

மாநிலம் முழுவதும் இதே கதைதான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் இருக்கவேண்டிய எடையைத் தாண்டியவர்கள். 2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டு, பெரியவர்களில் 100க்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு இருப்பதாகச் சொன்னது. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நம் மருத்துவம் என்ன சொல்கிறது? சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். அதாவது கொழுப்பு நமக்குப் பகையல்ல. வீட்டுக்குச் சுவர் போல உடம்புக்கு அது ஒரு கட்டு. அது அளவு மீறிப் பெருத்தால் அதிதூலம் என்று சொன்னார்கள். ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை எண்ணாக அளப்பது ஆய்வுக்கூடம் வந்த பிறகு கிடைத்த அறிவு. நாடி பிடித்து உங்கள் கொலஸ்ட்ரால் 240 என்று ஒருவர் சொன்னால், சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், எழுந்து வந்துவிடுங்கள். ரத்தம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும். இன்னொன்று, ஒல்லியாக இருக்கிறேன், எனக்குக் கொலஸ்ட்ரால் வராது என்று இருந்துவிடாதீர்கள். நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வரும். தையற்காரர் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் கவனிக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

இனி மருந்துக்கு வருகிறேன். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற சொலவடை இங்கே எல்லோருக்கும் தெரியும். அது நல்ல சொல். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். நார்ச்சத்தும் நிறைய. தின்றால் வயிறு நிறைகிறது, சீக்கிரம் பசிப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்த காலத்தில் கொள்ளு தின்றவர் யார்? ஏர் பிடித்தவர், கமலை இறைத்தவர், மலையேறி விறகு வெட்டியவர். கொள்ளே அவருக்குச் சாப்பாடு. நாம் என்ன செய்கிறோம்? கொள்ளு ரசம் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அதன் பிறகு வழக்கமான சோற்றை வழக்கமான அளவில் சாப்பிடுகிறோம். கொள்ளு சோற்றின் இடத்துக்கு வரவேண்டும். சோற்றோடு கூடுதலாக வந்தால் அதுவும் ஒரு தீனிதான்.

என் பேச்சின் மையம் இதுதான். பழைய மருத்துவர்கள் மருந்து கொடுத்தபோது பத்தியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். புளி ஆகாது, எண்ணெய் ஆகாது, இரவில் அரை வயிறு, பகல் தூக்கம் கூடாது என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். ஒரு மண்டலம் பத்தியம் காத்தவருடைய உடம்பு இளைத்தது என்றால் அதில் பொடியின் பங்கு எவ்வளவு, பத்தியத்தின் பங்கு எவ்வளவு? என் முப்பது வருட அனுபவத்தில் பெரும்பங்கு பத்தியத்துடையது. நாம் செய்தது என்னவென்றால், மருந்தை வைத்துக்கொண்டு பத்தியத்தை விட்டுவிட்டோம். பிறகு அந்த மருந்தைச் சோதித்துப் பார்த்தபோது பல இடங்களில் ஏமாந்தோம்.

குக்குலு என்ற பிசின் ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட நிலத்து மரத்திலிருந்து வருவது. சுசுருத சங்கிதையில் பருமனைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்த ஜி.வி. சத்தியவதி, 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்தார். ரத்தக் கொழுப்பு குறைந்தது. பழைய நூல் ஒன்றைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோன அந்தப் பெண்மணியை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு லக்னோவில் அரசு மருந்து ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மருந்து செய்தது, 1980களில் விற்பனைக்கும் வந்தது. ஆனால் 2003ல் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை, கொஞ்சம் ஏறவே செய்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இதற்கிடையில் பிசினுக்காகக் கீறிக் கீறி அந்த மரமே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. இன்று குக்குலு மாத்திரை வாங்கச் சொல்லி யாரையும் நான் அனுப்புவதில்லை.

பூண்டையும் விட்டுவைக்கவில்லை. 2007ல் ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், பச்சைப் பூண்டாகவும் மாத்திரையாகவும் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் அசையவில்லை. குடம்புளியின் கதையும் இதுதான். கேரளத்து மீன் குழம்பில் போடுகிற அதே புளியின் சாரத்தை உடல் இளைக்கும் மருந்து என்று உலகமெங்கும் விற்றார்கள். 1998ல் 135 பேரிடம் பன்னிரண்டு வாரம் பார்த்ததில் வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. குழம்பில் போட்டால் ருசி. குப்பியில் அடைத்த சாரத்தால் ஈரல் கெட்டவர்களும் உண்டு.

இதையெல்லாம் ஒரு சித்த மருத்துவரே சொல்லலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். நான்தான் சொல்லவேண்டும். நம் வீட்டு அழுக்கை நாமே துடைக்கவேண்டும்.

அப்படியானால் எதுவுமே வேலை செய்யாதா? செய்கிறது. வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒரு பசை இருக்கும். இசப்கோலில் நீர் ஊற்றினாலும் அதே பசை. அந்தப் பசைதான் மருந்து. நம் ஈரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்தநீர் தயாரிக்கிறது. பித்தநீர் குடலுக்கு வந்து, வேலை முடிந்ததும் பெரும்பகுதி மறுபடி உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே போய்விடும். இந்தப் பசை குடலில் இருந்தால் பித்தநீரில் ஒரு பங்கைச் சுருட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறும். குறைந்ததை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும், ரத்தத்தில் அளவு இறங்கும். எவ்வளவு இறங்கும்? தினமும் விடாமல் இசப்கோல் எடுத்தால் கெட்ட கொலஸ்ட்ராலில் 5 முதல் 10 சதவீதம் வரை. பெரிய குறைவு இல்லைதான், ஆனால் பல ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்த குறைவு. இரண்டு எச்சரிக்கை மட்டும். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத்திரையையும் பசை சுருட்டிக்கொள்ளும்.

நமக்குத் தலைக்கு மேலேயே இன்னொரு மருந்து இருக்கிறது. தலைக்கு மேல் என்று நான் சொல்வது ஜவ்வாது மலையை. மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விளைவிக்கும் சாமை. சாமைச் சோறும் கீரைக் குழம்பும் தின்று மலையேறி இறங்கியவர்களுக்குத் தொந்தி எங்கே இருந்தது? இன்று கீழே நாம் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை, நடுவில் சர்க்கரை போட்ட டீ நான்கு. இந்தியர்கள் தின்னும் உணவின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்று ஒரு வரி இருக்குமே, அது ஏறுவதும் நல்ல கொலஸ்ட்ரால் இறங்குவதும் நம்மவர்களிடம் மிகுதி. "நான் எண்ணெயே சேர்ப்பதில்லை டாக்டர், எப்படிக் கொழுப்பு வந்தது?" என்று கேட்பவர்களிடம் நான் தட்டில் இருக்கும் சோற்றைக் காட்டுவேன்.

சாமை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக, ஒரே மாதிரி இருந்தால் அது தவிடு போகத் தீட்டியது. தவிடு இருந்தால் எண்ணெய்ப்பசையால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் வியாபாரி தீட்டிவிடுகிறார். லேசாகப் பழுப்பு ஏறி, இங்கொன்றும் அங்கொன்றுமாக உமி ஒட்டி இருப்பதே நமக்கு வேண்டியது. கொஞ்சமாக வாங்குங்கள், சீக்கிரம் சமைத்துவிடுங்கள். சாமை என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் பயனில்லை. பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ கொள்ளோ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டுதான் சோறு. அதே மலையில் விளையும் நெல்லிக்காய், கடுக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தால் திரிபலா. மலச்சிக்கலுக்கு அருமையான மருந்து. அதைத் தின்று எடை குறைந்தது என்றால் அது கழிச்சலில் போன எடை.

இந்தக் கழிச்சல் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். சந்தையில் விற்கும் இளைக்கும் பொடிகளில் பலவற்றில் முக்கியச் சரக்கு நிலாவாரை. சாப்பிட்ட மூன்று நாளில் இரண்டு கிலோ குறையும். குறைந்தது தண்ணீர். கூடவே பொட்டாசியமும் போய், கால் இழுத்துப் பிடிக்கும், நெஞ்சு படபடக்கும். கொழுப்பில் ஒரு துளிகூடக் கரைந்திருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து பெயர்க் குழப்பம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சீன மூலிகை கொடுத்தார்கள். ஃபாங் ஜி என்று பெயர் முடியும் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொட்டலத்துக்குள் போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது, பலருக்கு அடியோடு செயலிழந்தது. அவர்களில் 39 பேருக்குச் செயலிழந்த சிறுநீரகங்களை எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. கொஞ்சம் எடை குறைய நினைத்துப் போன பெண்கள் அவர்கள். காரணமான நஞ்சின் பெயர் அரிஸ்டோலோக்கிக் அமிலம். அந்தச் செடியின் உறவுக்காரச் செடிகள் நம் மண்ணிலும் உண்டு. ஆடுதீண்டாப்பாளை என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்களே, அது ஒன்று. ஆடே தொடாது என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நம்மிடமும் பெயர்க் குழப்பத்துக்குப் பஞ்சமில்லை. சிறுநெருஞ்சிலும் யானை நெருஞ்சிலும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். வெள்ளைக் கரிசாலையும் மஞ்சள் கரிசாலையும் ஒரே குடும்பம்தான், ஆனாலும் வேறு வேறு செடிகள். காயவைத்துப் பொடியாக்கிய பிறகு கண்ணால் பார்த்து எது என்று சொல்ல என்னாலும் முடியாது. அதனால்தான் உரிம எண், சேர்மானங்களின் பட்டியல், தயாரித்த தேதி மூன்றும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள் என்று சொல்கிறேன். சிபுட்ரமின் என்று ஒரு ஆங்கில மருந்து இருந்தது. பசியைக் கொல்லும், மாரடைப்பையும் வரவழைக்கும் என்று தெரிந்து 2011ல் இந்தியாவில் தடைசெய்தார்கள். உலகில் பல நாடுகளில் "சுத்தமான மூலிகை" என்று விற்ற இளைக்கும் மாத்திரைகளுக்குள் அதைத்தான் கலந்து பிடித்திருக்கிறார்கள். ஒரு மூலிகை மருந்து ஒரே வாரத்தில் பசியை அடியோடு நிறுத்தினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

காலையில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2010ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். சாற்றில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மருந்து என்று நினைத்து விழுங்காமல் கொட்டிவிடுங்கள். பொரியலாகச் சமைத்தாலும் கசப்புச் சுரைக்காய் ஆகாது.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தந்த ஒன்றைச் சொல்கிறேன். லாரி ஓட்டுநர் ஒருவர், ஐம்பது வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் மாத்திரை தினமும் போட்டுவந்தார். "இங்கிலீஷ் மருந்து உடம்புக்குச் சூடு, ஈரலைத் தின்றுவிடும்" என்று ஒருவர் சொல்ல, சந்தையில் ஒரு பொடி வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அப்போதும் 108க்குப் போன் செய்ய அவருக்குத் தோன்றவில்லை, சித்த வைத்தியரிடம் வந்தார். அவரை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது அவர் சட்டைப்பையில் அந்தப் பொடி பாலிதீன் கவரில் இருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி லாரி ஓட்ட முடியாது.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவர் நிறுத்தியிருக்கமாட்டாரோ என்று நினைத்துக்கொள்வேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆறாயிரம் வகைப் பூஞ்சைகளைச் சோதித்தார். கியோத்தோ நகரத்து அரிசிக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் படிந்திருந்த நீலப்பச்சைப் பூசணத்தில், 1973ல், கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைக் கண்டார். உலகின் முதல் ஸ்டாடின் அதுதான். நாம் "ரசாயனம்" என்று ஒதுக்குவதும் இயற்கையில் பிறந்ததே. அளவு தெரியும், பக்கவிளைவு தெரியும், கெட்ட கொலஸ்ட்ராலை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும் என்பதும் தெரியும். வெந்தயம் செய்வதை வெந்தயம் செய்யட்டும். மாத்திரை செய்வதை வெந்தயம் செய்யாது. தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்தக்கூடாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மருந்து மற்றும் மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு. உடல் பருமன் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இதய நோயும் இருக்கிறது. முப்பது நாளில் தொப்பை கரையும் என்று சுவரொட்டியிலோ செல்போனிலோ வந்தால், அது சட்டத்தை மீறிய விளம்பரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமம் பெற்ற சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு, அங்கே வாருங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் ஊழியப் பெண்ணிடம் ஒளிக்காமல் பேசுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பொடி, லேகியம், டப்பா, சாறு பாட்டில், பெயர் எழுதாத பொட்டலம், எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் இங்கிலீஷ் டாக்டரோ சித்த டாக்டரோ, மாத்திரை அட்டையோடு அந்தப் பையையும் அவர் மேசைமேல் வையுங்கள். "இதையும் சாப்பிடுறேன் சார், சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்கிறேன்.